சளியோடு வரும் இமை வீக்கம்

சிறு குழந்தைகளின் சைனஸ் தொற்று மூக்கைத் தாண்டிப் பரவும்போது, பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுவது கண். இரு கண்களுக்கும் நடுவிலுள்ள எத்மாய்டு சைனஸ் அறைகள் பிறக்கும்போதே அமைந்துவிடுகின்றன. அவற்றையும் கண்குழியையும் பிரிப்பது காகிதம் போன்ற மெல்லிய எலும்புத் தகடு மட்டுமே. நெற்றி சைனஸ் ஏழெட்டு வயதுவாக்கில்தான் உருப்பெறுகிறது. அதனால் மூளைப் பக்கம் பரவும் சிக்கல்கள் வளர்ந்த பிள்ளைகளிடமே அதிகம்.

சளி பிடித்திருந்த குழந்தை ஒரு காலையில் இமை சிவந்து வீங்கி எழுந்தால், பூச்சி கடித்திருக்கும் என்று வீட்டில் நினைப்பதுண்டு. மருத்துவர் கண்டறிய வேண்டிய முக்கியமான கேள்வி இதுதான்: தொற்று இமையோடு நிற்கிறதா, கண்குழிக்குள் இறங்கிவிட்டதா? வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே குழந்தை எவ்வளவு அழுதாலும், வீங்கிய இமையைப் பிரித்து விழியைப் பார்த்தே ஆகவேண்டும். பொருள்கள் இரண்டாகத் தெரிவதைச் சொல்லத் தெரியாத வயது அது. பொம்மை ஒன்றை இடமும் வலமும் மேலும் கீழும் நகர்த்தி, இரு விழிகளும் சேர்ந்து அதைத் தொடர்கின்றனவா என்று பார்ப்பார்கள். விழி முன்னே தள்ளியிருந்தாலோ, அசைய மறுத்தாலோ, கண்மணி வெளிச்சத்துக்குச் சரியாகச் சுருங்காவிட்டாலோ தொற்று உள்ளே போய்விட்டதாகவே கருத வேண்டும்.

1970-இல் சாண்ட்லர் குழுவினர் வகுத்த ஐந்து வகைகள் இன்றும் பயன்படுகின்றன: இமையழற்சி, கண்குழி அழற்சி, எலும்புறைக்கு அடியில் சீழ், கண்குழிக்குள் சீழ், மண்டையோட்டுக்குள் சிரைக்குழியில் ரத்த உறைவு. ஒரு குழந்தை இதே வரிசையில்தான் மோசமாகும் என்றில்லை.

சாதாரண எக்ஸ்ரே இதற்கு உதவாது. வெறும் சளியிலேயே சைனஸ் மங்கலாகத் தெரியும். சிக்கலற்ற தொற்றுக்கு எந்தப் படமும் வேண்டாம் என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். சிக்கல் இருப்பதாகச் சந்தேகம் எழுந்தாலோ, வீக்கத்தால் விழியையே பார்க்க முடியாவிட்டாலோ நிலைமை வேறு. அப்போது கதிர்வீச்சுக்கு அஞ்சி, சாய மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. கடும் தலைவலி, ஓயாத வாந்தி, வலிப்பு, அசாதாரணத் தூக்கக்கலக்கம் இருந்தால் மூளையைக் காட்ட எம்.ஆர்.ஐ. மேலானது. இத்தகைய குழந்தைக்கு, ஸ்கேன் பார்க்காமல் முதுகுத்தண்டு நீர் எடுப்பது ஆபத்து.

சிறு குழந்தைகளில், பார்வை பாதிக்கப்படாத சிறிய சீழ்க்கட்டி பல சமயம் நரம்பு வழி ஆன்டிபயாடிக் மருந்திலேயே கரைந்துவிடும். அதுவரை மருத்துவமனையில் வைத்து, பார்வையையும் கண்மணியையும் திரும்பத் திரும்பச் சோதிப்பார்கள். 48 மணி நேரத்துக்குள் தேறவில்லை என்றால் மறு ஸ்கேனோ அறுவை சிகிச்சையோ தேவைப்படும். பார்வை மங்கினால் அதுவரைகூடக் காத்திருப்பதில்லை.