முழு மயக்கமும் வலியும்: மூளைப் படங்கள் கூறுவது என்ன?

அறுவை சிகிச்சைக்கு முன் மயக்கவியல் மருத்துவரைச் சந்திக்கும்போது நோயாளிகளும் உடன் வரும் உறவினரும் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, "இடையில் விழிப்பு வந்துவிடுமா? வலி தெரியுமா?" என்பதே. சேலம், நாமக்கல் மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் இதே நிலைதான். இவ்வச்சம் இயல்பானது. மூளையைப் படமெடுத்து ஆராய்ந்த ஆய்வுகள் இதற்குப் பயனுள்ள விளக்கம் தருகின்றன.

மயக்கம் என்பது உறக்கமா?

இல்லை. உறங்குபவரைக் கிள்ளினால் விழித்துக்கொள்வார். முழு மயக்கத்தில் உள்ளவர் அவ்வாறு விழிப்பதில்லை. கலிஃபோர்னியாவில் நடந்து 1995-இல் வெளியான பெட் ஸ்கேன் ஆய்வில், புரோபோஃபால் என்னும் மயக்க மருந்து பெற்றவர்களின் மூளை குளுக்கோஸைப் பயன்படுத்தும் அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பெல்ஜியத்தில் நடந்து 2010-இல் வெளியான எம்.ஆர்.ஐ. ஆய்வு மேலும் ஒன்றைக் காட்டியது. நினைவிழந்த நிலையிலும் ஒலியையும் காட்சியையும் முதலில் பெறும் மூளைப் பகுதிகளின் இணைப்புகள் நீடித்தன. அச்செய்திகளை ஒன்றுசேர்த்து உணர்வாக்கும் பகுதிகளின் தொடர்பே நலிந்தது. தெருக்களில் நடமாட்டம் இருந்தும் நெடுஞ்சாலை அடைபட்ட ஊரைப் போன்றது இந்நிலை.

மயங்கினால் வலியும் நின்றுவிடுமா?

வலிக்கென மூளையில் ஒரே மையம் இல்லை. வலியின் அளவை உணர்வது, அதனால் துன்புறுவது ஆகியவற்றில் வெவ்வேறு பகுதிகள் பங்கேற்கின்றன. கனடாவில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், மயக்க மருந்து பெற்ற தன்னார்வலர்களின் கையில் சூடு வைத்து மூளை படமெடுக்கப்பட்டது. நினைவிழந்தபின் மூளையின் சில பகுதிகளில் அச்சூட்டுக்கான எதிர்வினை நின்றது; இன்சுலா என்னும் பகுதியில் அது தொடர்ந்தது. அதாவது, நினைவிழப்பதும் வலிச் செய்தி அடங்குவதும் ஒன்றல்ல.

ஆகவேதான் மயக்க மருந்துடன் ஃபென்டனில், மார்ஃபின் போன்ற வலி நீக்கிகளோ, நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசியோ தனியே அளிக்கப்படுகின்றன. அவை இல்லையெனில் மயக்கத்திலும் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயரலாம். விழித்தபின் வலியும் மிகும்.

இடையில் விழிப்பு வருமா?

மிக அரிதாக நிகழக்கூடும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014-இல் வெளியான பெரிய ஆய்வில், சுமார் 19,000 முழு மயக்கங்களுக்கு ஒருவர் என்ற அளவில் இது பதிவாகியது. இவற்றுள் பல, மயக்கம் தொடங்கும்போதோ தெளியும்போதோ நிகழ்ந்தவை. அறுவை அரங்கில் மூளை ஸ்கேன் எடுக்கப்படுவதில்லை. நாடி, இரத்த அழுத்தம், ஆக்சிஜன், மூச்சு ஆகியவற்றைத் தொடர்ந்து கண்காணித்து மருந்தின் அளவு திருத்தப்படுகிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• மது, புகையிலை, தூக்க மாத்திரை, நாட்டு மருந்து ஆகியவற்றில் எதையும் மறைக்காதீர்கள். மருந்தின் தேவை இவற்றால் மாறும். தொலைதூர லாரி ஓட்டுநர்களும் இரவுப் பணி செய்வோரும் விழித்திருக்க உட்கொள்ளும் மாத்திரைகளையும் கூறவேண்டும்.
• உங்களுக்கோ குடும்பத்தினருக்கோ முன்பு மயக்க மருந்தால் சிக்கலோ, இடையில் விழிப்போ ஏற்பட்டிருந்தால் முதலிலேயே தெரிவியுங்கள்.
• மருத்துவர் கூறும் நேரம் முதல் உணவைத் தவிருங்கள். பொதுவாக, எளிய உணவுக்கு 6 மணி நேரமும் தண்ணீருக்கு 2 மணி நேரமும் இடைவெளி தேவை. பாலும் பால் சேர்த்த தேநீரும் தண்ணீராகக் கருதப்படா. "பசி தாங்கமாட்டார்" என்று உறவினர் இரக்கத்தால் ஊட்டும் ஒரு வாய் உணவு, மயக்கத்தில் நுரையீரலுக்குள் சென்று உயிருக்கு ஆபத்தாகலாம்.
• அறுவைக்குப்பின் வலி இருந்தால் பொறுத்துக்கொள்ளாமல் 0 முதல் 10 வரையான அளவில் கூறுங்கள். பேச இயலாத முதியோர், குழந்தைகளின் முகச்சுளிப்பையும் முனகலையும் உடனிருப்போர் செவிலியரிடம் தெரிவியுங்கள்.
• சிகிச்சையின்போது நடந்தது நினைவில் இருப்பதாக ஒருவர் கூறினால், "கனவாக இருக்கும்" என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

ஒருவருக்கு வலி இருக்கிறதா என்பதற்கு ஸ்கேன் சான்று தேவையில்லை. தமக்கு வலிக்கிறது என ஒருவர் கூறுவதை மதிக்கவேண்டும் என்று பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் வலியுறுத்தியது. வலியைச் சொல்வது நோயாளியின் உரிமை. அதைக் கேட்டுத் தணிப்பது மருத்துவக் குழுவின் கடமை.