தையல் வகுப்பில் வேண்டாத படம்

எங்கள் வீட்டு விறாந்தையில் கிழமைக்கு இரண்டு நாள் ஆறேழு பெண்கள் தையல் பழக வருகின்றனர். கழுத்து வெட்டுவது, கை வைப்பது எல்லாவற்றையும் யூரியூப் காணொளிகளைப் பார்த்தே பழகுகிறோம். ஒரு மே மாதம் பாடம் முடிந்ததும் 2009 ஆம் ஆண்டு முள்ளிவாய்க்கால் காட்சி தானாகவே ஓடத் தொடங்கியது. காணாமல் போன மகனைத் தேடிக்கொண்டிருக்கும் அக்கா ஒருவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்தப் படம் வந்ததற்குக் காரணம் நான்தான். நித்திரை வராத இரவுகளில் அப்படியானவற்றைப் பார்ப்பேன். அதே கைத்தொலைபேசியில், அதே கணக்கில்தான் வகுப்பையும் நடத்தினேன். நாம் பார்ப்பதைக் குறித்து வைத்து, அதைப் போன்றதையே யூரியூப் மறுபடி முன்னால் கொண்டுவந்து போடுகின்றது. நான் தனியே அழுதது சபைக்கு வந்தது போலிருந்தது.

கணினி படிக்கும் பெறாமகன்தான் 'இன்விடியஸ்' பற்றிச் சொன்னான். 2018 இல் தொடங்கிய இலவச மென்பொருள் இது. வீட்டிலுள்ள கணினி யூரியூப்பிடமிருந்து காணொளியை எடுத்து, விளம்பரம் இல்லாமல் எங்களுக்குக் காட்டும். கூகிள் கணக்குத் தேவையில்லை. திரை உடைந்த பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு அதை நிறுவித் தந்தான். இப்போது அது அலுமாரிக்கு மேல் இருக்கின்றது. வீட்டு வைபையில் இருந்தபடி அதன் இலக்கத்தைக் கைத்தொலைபேசியில் அடித்தால் திறக்கும். வெளியார் எவரும் நுழைய முடியாதபடி வைத்திருக்கிறோம்.

விளம்பரம் இல்லாதது நல்லதுதான். ஆனால் எனக்கு உதவியது அதன் செற்றிங்ஸ். தொடர்புடைய காணொளிகளை மறைக்கலாம். அடுத்தது தானாக ஓடாமல் செய்யலாம். பின்னூட்டங்களை நிறுத்தலாம். சிறுபடங்கள் கூட வராமல் வைக்கலாம். திறந்தவுடன் தேடும் பெட்டி மட்டுமே தெரியும். தையல் பாடங்களை ஒரு பட்டியலாகச் சேர்த்திருக்கிறேன். ஒலியை மட்டும் கேட்கவும் வசதி உண்டு. அப்போது டேற்றா குறைவாகவே போகும்.

குறையும் இருக்கின்றது. எங்கள் வீட்டு இணைய முகவரி கூகிளுக்குத் தெரியத்தான் செய்யும். யூரியூப் தன் முறையை மாற்றினால் ஒருநாள் ஒன்றும் ஓடாது. பெறாமகன் வந்து புதுப்பிக்கும்வரை வகுப்பு இல்லை. இதை நிறுத்தும்படி 2023 இல் யூரியூப் கடிதமும் அனுப்பியது, உருவாக்கியவர்கள் நிறுத்தவில்லை. காணொளி போடும் பெண்களுக்கு விளம்பரக் காசு போகாதது எனக்கு மனவுறுத்தல். அவர்களது புதிய காணொளிகளை யூரியூப்பிலேயே ஒருமுறை பார்த்துவிடுவேன்.

மூன்றாம் கிழமை அந்த அக்கா வந்தார். திரைக்கு முதுகைக் காட்டியே இருந்தார். கிட்டப் போய் வெறும் பெட்டியைக் காட்டினேன்.

"வேறை ஒண்டும் வராதோ?"

"நாங்கள் தேடினால்தான் வரும், அக்கா."

கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டுக் கதிரையைத் திருப்பிப் போட்டார். அன்று கொலர் வைக்கும் பாடம்.