மண்ணை வளர்க்கும் ராட்சத மரவட்டை

கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யா முதல் மொஸாம்பிக் வரையில் பரந்து கிடக்கும் தாழ்நிலக் காடுகளில், உதிர்ந்த சருகுகளும் மக்கிய மரக்கட்டைகளும் ஈரம் காத்துக் கிடக்கும் தரையின்மேல், இரவு கவிந்தபின் இரை தேடி ஊர்ந்து வரும் ராட்சத மரவட்டை, இன்று பூமியில் உயிர்வாழும் மரவட்டைகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்றாகும். ஆர்கிஸ்பைரோஸ்ட்ரெப்டஸ் கிகாஸ் என்று விஞ்ஞானிகள் பெயரிட்டிருக்கும் இப்பிராணி, முழு வளர்ச்சி எய்தும்போது 30 சென்டிமீட்டருக்கும் அதிகமான நீளத்தையும் கட்டைவிரலின் பருமனையும் பெறுகிறது. அதனை முதன்முதலில் காண்பவர் திடுக்கிட்டுப் பின்வாங்குவது இயல்பே ஆயினும், அந்த அச்சத்துக்குரிய ஆதாரம் எதுவும் அதன் சுபாவத்தில் இல்லை.

பூரானையும் மரவட்டையையும் ஒன்றெனக் கருதும் மயக்கமே பெரும்பாலும் இந்த அச்சத்தை விளைவிக்கிறது. பூரானோ, வளையத்துக்கு ஒரு ஜோடிக் கால்களுடன் விரைந்தோடி, விஷ நகங்களால் இரையைக் கொல்லும் வேட்டைப் பிராணி. மரவட்டையோ, இரண்டு வளையங்கள் ஒன்றாய் இணைந்த அமைப்பினால் பெரும்பாலான வளையங்களில் இரண்டு ஜோடிக் கால்களைத் தாங்கி, நிதானமாக நகர்ந்து, பெரும்பாலும் மடிந்த தாவரங்களையே ஆகாரமாகக் கொள்ளும் சாதுவான ஜீவன்.

முட்டையினின்று வெளிவரும் குஞ்சுக்கு மூன்று ஜோடிக் கால்களே இருக்கின்றன. தோலுரிக்குந்தோறும் வளையங்களும் கால்களும் பெருகி, வளர்ந்த ராட்சத மரவட்டைக்குச் சுமார் 256 கால்கள் அமைகின்றன. நெல்வயலின்மேல் காற்று தவழும்போது கதிர்கள் வரிசை வரிசையாய்ச் சாய்ந்து நிமிர்வதுபோல் அக்கால்கள் அலையலையாய் இயங்கினாலும், அவற்றின் பயன் வேகமன்று. இறுகிய மண்ணையும் சருகுக் குவியலையும் முட்டித் துளைத்துச் செல்வதற்கான பலமே. ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்களை உடைய ஓர் இனம் உண்டென்பது 2021-ஆம் ஆண்டில்தான் உலகுக்குத் தெரிந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பூமிக்கடியில் 60 மீட்டர் ஆழத்தில் கிடைத்த அச்சிறு மரவட்டைக்கு 1306 கால்கள் இருந்தன.

ஓடித் தப்பும் திறனற்ற இப்பிராணி, ஆபத்து நேர்ந்தால் மெல்லிய கால்களையும் தலையையும் உள்ளே மறைத்துச் சுருண்டுகொள்கிறது. அதுவும் போதாதபோது உடலின் பக்கத் துவாரங்களிலிருந்து காரமான திரவத்தைக் கசியவிடுகிறது. அத்திரவம் பட்டால் தோலில் கறை படியும், கண்ணில் பட்டால் எரிச்சல் மிகும். ஆகையால் அதைத் தொட்டவர் கையை நன்றாகக் கழுவிக்கொள்வது அவசியம்.

பூச்சிகளின் மேல்தோலில் உள்ள மெழுகுப் பூச்சு மரவட்டையின் தோலில் பெரும்பாலும் இல்லாமையால், அதன் சரீரத்து ஈரம் எளிதில் வற்றிவிடும். அது பகலையும் வறட்சியையும் தவிர்த்து, ஈர மண்ணையும் இரவையும் நாடுவதற்கு இதுவே முக்கிய காரணம். அந்த ஈர மண்ணில்தான் அது தன் வாழ்நாளின் மகத்தான காரியத்தைச் செய்கிறது. காட்டில் ஆண்டுதோறும் உதிரும் இலைகளை அது அரைத்துத் தின்று துகளாக்கி வெளியேற்ற, அத்துகள்களைப் பாக்டீரியாக்களும் காளான்களும் மேலும் சிதைத்து, மரங்களின் வேர்கள் உறிஞ்சத்தக்க சத்துக்களாக மாற்றுகின்றன. ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை நீளும் அதன் ஆயுள் முழுவதும் இந்த உபகாரம் இடையறாது நடைபெறுகிறது.

நம் தோட்டங்களில் மழைக்காலத்தில் தென்படும் சிறிய மரவட்டைகளும், அளவில் குறைந்தனவேயன்றி, செய்யும் தொண்டில் வேறுபட்டவை அல்ல. ஆதலால் அவை வீட்டுக்குள் வந்துவிட்டால் நசுக்கிவிடாமல், ஒரு முறத்திலோ காகிதத்திலோ எடுத்து மரத்தடிச் சருகுகளின்மீது விட்டுவிடுங்கள்; மண்ணை வளமாக்கும் ஓர் உயிருக்கு நாம் செய்யக்கூடிய நியாயம் அதுவே.