மூலத்திலிருந்து ஓர் உலாவி

கைத்தொலைபேசியிலே செய்தி படிப்போர், தாம் படிப்பது எதன் வழியாக என்று பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. பத்திரிகை வாசகன் அச்சு யந்திரத்தைப் பற்றிக் கவலை கொள்ளாததுபோல, இணையத்தில் வாசிப்பவன் உலாவியைப் பற்றிக் கவலை கொள்ள வேண்டியதில்லை என்பதே பொதுவான கருத்து. இக்கருத்து எனக்கு உடன்பாடன்று. நாம் எந்தப் பக்கத்தை எத்தனை நிமிடம் படித்தோம் என்பதை அச்சு யந்திரம் குறித்துக்கொள்வதில்லை. உலாவியோ குறித்துக்கொள்ள வல்லது. அவ்வாறு செய்கின்றதா, இல்லையா என்று அறிய விரும்புவோன் அதன் உள்ளே புகுந்து பார்த்தல் வேண்டும். புகுந்து பார்க்க இடந்தரும் உலாவிகளும் உலகில் உண்டு. அவற்றுள் ஒன்றை, அதன் மூலநிரலிலிருந்து வீட்டுக் கணினியிலே கட்டியெடுத்து என் கைத்தொலைபேசியில் ஏற்றினேன். அவ்விடயம் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன்.

மூலநிரல் என்பது யாது? மனிதர் எழுதி, மனிதர் படிக்கத்தக்க வடிவிலே கிடக்கும் கட்டளைத் தொகுதியே அது. கணினி அதனை நேரே விளங்கிக்கொள்ளாது. தொகுப்பி எனப்படும் மற்றொரு செய்நிரல் அதனை யந்திர மொழிக்கு மாற்றித் தருகின்றது. மாற்றிய பின் அதனை வாசித்துப் பொருள் காண்பது நிபுணர்க்கும் பெருந் தொல்லையாகும். நாம் வழக்கமாக இறக்கிக்கொள்வது இவ்வாறு மாற்றி முடித்த பண்டத்தையே. கடையிலே அரிசியாக வாங்குவதற்கும், நெல்லாக வாங்கி வீட்டில் அவித்துக் காயவைத்துக் குற்றி எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. குற்றுகின்றவனுக்கு உமி எவ்வளவு, கல் எவ்வளவு என்பது தெரியும்.

இந்த நெல் எமக்குக் கிடைத்த வரலாற்றைச் சிறிது கூறல் வேண்டும். 1998ஆம் ஆண்டு ஜனவரி 22ஆந் திகதி, நெற்ஸ்கேப் என்னும் அமெரிக்க நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலை வெளியிடப்போவதாக அறிவித்தது. அவ்வாண்டு மார்ச் 31ஆந் திகதி வெளியிடவும் செய்தது. இதனைத் தருமம் என்று யாரும் கருத வேண்டியதில்லை. மைக்ரோசொப்ற் தன் உலாவியை விண்டோஸுடன் இலவசமாகச் சேர்த்து விநியோகித்த காலம் அது. தோற்றுக்கொண்டிருந்தவன் தன் களஞ்சியத்தைத் திறந்துவிட்டான், அவ்வளவே. ஆயினும் அக்கதவு பின்னர் மூடப்படவில்லை. 2003இல் மொஸில்லா அறநிலையம் தோன்றியது. 2004 நவம்பர் 9ஆந் திகதி பயர்பொக்ஸ் உலாவியின் முதலாம் பதிப்பு வெளிவந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் கே.டி.ஈ. என்னும் குழுவினர் கே.எச்.ரி.எம்.எல். என்றொரு யந்திரத்தை எழுதினர். அதனை ஆப்பிள் நிறுவனம் எடுத்து வெப்கிற் ஆக்கி, 2003 ஜனவரியிலே சபாரி உலாவியாக அறிவித்தது. அந்த வெப்கிற்றிலிருந்து கூகிள் நிறுவனம் 2013 ஏப்ரலிற் பிரிந்து சென்று பிளிங்க் என்று தன் கிளைக்குப் பெயரிட்டது. ஒபெரா தன் சொந்த யந்திரத்தை 2013இலே கைவிட்டது. மைக்ரோசொப்ற் தன்னுடையதைக் கைவிடுவதாக 2018 டிசம்பரில் அறிவித்தது. இரண்டும் கூகிளின் கிளையிலே ஒதுங்கின. பெருமளவிற் பாவனையிலுள்ளவையாக இன்று எஞ்சியிருப்பன மூன்று யந்திரங்களே. மூன்றாவதாகிய கெக்கோவே பயர்பொக்ஸின் உயிர். நான் அதனைத் தெரிந்தமைக்கு இதுவே காரணம்.

கைத்தொலைபேசிக்கு அந்த யந்திரம் வந்து சேர்ந்த கதை சுவையானது. முதலில் அதற்கு இட்ட பெயர் பெனெக். பாலைநிலத்தில் வாழும், உடல் சிறுத்துக் காது பெருத்த நரி இனம் அது. 2010 ஜனவரியில் நோக்கியாவின் மேமோ தொலைபேசிகளுக்கு முதற் பதிப்பு வந்தது. 2011 மார்ச்சில் அன்ட்ரொயிட்டுக்கு வந்தது. பெரிய கணினிக்கு வகுத்த முகப்பையே சிறிய கருவிக்கும் பூட்டியமையால் அது நடை தளர்ந்து நின்றது. எனவே 2012 ஜூனில் அன்ட்ரொயிட்டுக்கே உரிய முகப்போடு புதிதாக வெளியிட்டனர். 2020 ஓகஸ்டில் மறுபடியும் முழுவதையும் மாற்றினர்.

இந்த இரண்டாவது மாற்றத்திலேதான் பாவனையாளர் மனம் நொந்தனர். உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் துணைநிரல்கள் முன்னர் ஏராளமாகப் பொருந்தின. புதிய பதிப்பிலோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலவற்றுக்கே அனுமதி கிடைத்தது. வாயில் மீண்டும் அகலத் திறந்தது 2023 டிசம்பரிலேதான். மூன்று ஆண்டுகளுக்கு மேல்! ஆனால் எல்லோரும் மூன்று ஆண்டு காத்திருக்கவில்லை. கட்டத் தெரிந்த சிலர் அதே மூலநிரலை எடுத்து, பூட்டிய இடத்தைத் தளர்த்தி, ஐஸ்ரேவன் என்னும் பெயரிலே தம் பதிப்பை வெளியிட்டனர். மூலநிரல் திறந்து கிடப்பதனால் வாசிக்கத் தெரியாத எனக்கு என்ன பயன் என்று கேட்போர்க்கு இதனினும் நேரான விடை என்னிடம் இல்லை. அந்நிரலை வாசிக்கத் தெரியாதோரும் அப்பதிப்பை இறக்கிப் பாவித்தனர்.

இனிக் கட்டிய விதம். கூகிளின் குரோமியத்தை அன்ட்ரொயிட்டுக்குக் கட்ட விரும்புவோர்க்கு லினக்ஸ் கணினியும், குறைந்தது 8 கிகாபைற் நினைவகமும், 100 கிகாபைற் வெற்றிடமும் வேண்டும் என்று அதன் வழிகாட்டி கூறுகின்றது. 16 கிகாபைற்றுக்கு மேல் நினைவகம் இருந்தால் மிக நன்று என்றும் சேர்த்துச் சொல்கின்றது. பயர்பொக்ஸ் சற்று இரக்கமுள்ளது. மூலநிரலை இறக்கிய பின் மாக் என்னும் ஏவலாளிடம் ஆயத்தம் செய்யெனக் கட்டளையிட்டால், எதனைக் கட்டப்போகின்றாய் என்று அது வினவும். கைத்தொலைபேசிக்கு என்று விடை கூறியதும், அன்ட்ரொயிட் கருவிப்பெட்டி, தொகுப்பிகள் முதலியவற்றைத் தானே கொண்டுவந்து அடுக்கும். இதற்கே என் வீட்டு இணைப்பில் ஒரு மாலைப்பொழுது சென்றது.

கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கணினியின் மூளையாகிய முறைவழியாக்கி ஓர் இனம். கைத்தொலைபேசியினுடையது வேறோர் இனம். ஒன்றின் மொழி மற்றதற்கு விளங்காது. ஆகவே கணினியில் அமர்ந்துகொண்டே தொலைபேசியின் மொழியில் எழுதித் தரும்படி தொகுப்பிக்கு ஓதவேண்டும். இதற்கெனத் தனியாகவுள்ள சிறு கோப்பிலே இரண்டு வரி எழுதினால் போதும். அதன் பின்பு கணினி தன் வேலையைத் தொடங்கிவிடும். சி பிளஸ் பிளஸ், றஸ்ற், ஜாவாஸ்கிரிப்ற், கொற்லின் எனப் பல மொழிகளில் எழுதிய ஆயிரமாயிரம் கோப்புகள் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. விசிறி இரைந்தது, மேசை சூடேறியது. நான்கு மணி நேரத்துக்கு மேற் சென்று, துண்டுகள் யாவற்றையும் ஒன்றாகப் பிணைக்கும் கட்டம் வந்தபோது நினைவகம் விளிம்பைத் தொட்டு நின்றது. இக்கட்டத்தில் மூச்சடங்கும் கணினிகள் பல. என்னுடையது பிழைத்துக்கொண்டது.

இவ்வளவு பாடுபட மனமில்லாதோர்க்குக் குறுக்கு வழியும் வைத்திருக்கின்றனர். கனமான அடிப்பகுதியை மொஸில்லா தானே கட்டி வைத்திருக்கும். அதனை இறக்கிக்கொண்டு மேற்பகுதியை மட்டும் நாம் கட்டலாம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். முகப்பிலுள்ள சொற்களை மாற்ற விரும்புவோர்க்கு இதுவே ஏற்றது. நானும் ஒன்று செய்தேன். படித்த பக்கத்துக்கு அடையாளம் வைக்கும் வசதிக்குத் தமிழில் வழங்கிய சொல் எனக்கு உவப்பாயிருக்கவில்லை. தமிழ்க் கோப்பைத் திறந்து அதனை நீக்கி, ‘ஏட்டுக்குறி’ என்று எழுதினேன். சிறிது நேரத்தில் என் தொலைபேசியில் ஏட்டுக்குறி என்றே தோன்றியது. ஒரு சொல்லை மாற்றக் கோரி எந்த நிறுவனத்தின் வாசலிலும் நிற்க வேண்டியிருக்கவில்லை.

தமிழ் என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ‘கொ’ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். கணினியின் சேமிப்பிலே ககரம் முதலிலும் ஒகரக் குறி பின்னுமாக இரண்டு எண்கள் மட்டுமே கிடக்கும். திரையிலோ கொம்பு முன்னே வரவேண்டும், ககரம் நடுவில் நிற்கவேண்டும், கால் பின்னே வரவேண்டும். ஒரு குறியை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை முன்னே நகர்த்தும் இவ்வேலையை யார் செய்கின்றார் என்று தேடிச் சென்றேன். ஹார்ப்பஸ் என்னும் பகுதியிலே அது இருந்தது. பாரசீக மொழியிலே ‘திறந்த எழுத்து’ எனப் பொருள்படும் பெயர். குரோமியமும் அன்ட்ரொயிட்டும் இதனையே பாவிக்கின்றன. இந்திய எழுத்துக்களுக்கென வகுத்த கோப்பிலே தேவநாகரி, வங்காளம், மலையாளம் ஆகியவற்றோடு தமிழும் அமர்ந்திருக்கின்றது. ஆரம்பகால அன்ட்ரொயிட் பேசிகளில் தமிழ் வெறுங் கட்டங்களாகத் தெரிந்ததைக் கண்டவர்க்கே இந்தச் சில வரிகளின் பெறுமதி விளங்கும்.

நானே கட்டினேன், ஆகவே இது நம்பத்தக்கது என்று கூறிவிடலாமா? இவ்விடத்திலேதான் விடயம் சிக்கலாகின்றது. யுனிக்ஸை ஆக்கியோருள் ஒருவரான கென் தொம்ப்சன், 1984இல் வெளிவந்த தம் ரூறிங் பரிசுப் பேருரையிலே இவ்வினாவை எழுப்பினார். மூலநிரல் தூயதாயினும், அதனை மாற்றித் தரும் தொகுப்பி வஞ்சகமுடையதாயின் விளைபொருளும் வஞ்சகமுடையதே. அத்தொகுப்பியின் மூலத்தைப் படித்தாலும் பயனில்லை. ஏனெனில் அதனையும் இன்னொரு தொகுப்பியே ஆக்கியிருக்கும். பயர்பொக்ஸின் ஒரு பகுதியை எழுதிய றஸ்ற் மொழியின் தொகுப்பி, தனக்கு முந்திய றஸ்ற் தொகுப்பியினால் ஆனது. அதன் மூதாதை ஓகமல் என்னும் வேறொரு மொழியில் எழுதப்பெற்றது. வமிசாவளியை எத்தனை தலைமுறைக்கு நாம் ஆராய்வது?

இது வெறும் தர்க்க விநோதம் அன்று. 2024 மார்ச் 29ஆந் திகதி, எக்ஸ்.ஸெட். என்னும் சுருக்கும் கருவியிலே களவாகப் புகுத்தப்பட்ட ஒரு வாசல் வெளிப்பட்டது. பலர் பார்க்கக் கிடந்த மூலநிரற் களஞ்சியத்தில் அதனை இயக்கிவிடும் வரிகள் இருக்கவில்லை. வெளியீட்டுக்கெனக் கட்டிய பொதியிலே, கட்டும் கட்டளைகளுக்கிடையில் அவை ஒளிந்திருந்தன. தொலைவிலுள்ள கணினியினுள் நுழைவதற்கு அரை வினாடி அதிகமாகச் செல்கின்றதே என்று அன்ட்ரெஸ் பிரொய்ண்ட் என்னும் பொறியியலாளர் ஐயுற்றுத் தோண்டியமையாலேயே உலகம் தப்பியது. அரை வினாடியைப் பொருட்படுத்துகின்ற மனிதர் எல்லாக் காலத்தும் கிடைப்பாரோ?

இதற்கு ஒரு மாற்று உண்டு. ஒரே மூலத்தை வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு கணினிகளிலே கட்டி, விளைந்தவை ஒரு பிற் கூட வேறுபடாமல் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது. ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் காணும் பதிப்பாசிரியரின் தொழிலே இது. ஆனால் கட்டிய நேரம், கோப்புகளின் வரிசை, கணினியின் பெயர் என்பன போன்ற அற்ப விடயங்களும் விளைபொருளிற் பதிந்துவிடுமாதலால், அவற்றையெல்லாம் முதலில் அகற்றியாக வேண்டும். பயர்பொக்ஸிலிருந்து பிறந்த ரோர் உலாவியினர் 2013இலேயே இதனைச் சாதித்துக் காட்டினர்.

கட்டியதைத் தொலைபேசியில் ஏற்றுவது தனிச் சடங்கு. அன்ட்ரொயிட்டின் அமைப்புப் பக்கத்திலே பதிப்பு இலக்கத்தை ஏழு முறை தட்டினால்தான் விருத்தியாளர்க்குரிய கதவு திறக்கும். கையொப்பமில்லாத செயலியை அது ஏற்காது. எனவே சொந்தச் சாவி ஒன்றால் ஒப்பமிட வேண்டும். பெயரும் சும்மா கிடைப்பதன்று. நிரல் எல்லோர்க்கும் பொதுவாயினும் பயர்பொக்ஸ் என்னும் பெயரும் இலச்சினையும் மொஸில்லாவின் வணிகச் சின்னங்கள். இதன் காரணமாகவே டெபியன் குழுவினர் 2006 முதல் 2016 வரை அதனை ‘ஐஸ்வீசல்’ என்று அழைத்தனர். எப்.ட்ரொயிட் என்னும் களஞ்சியத்தில் இன்றும் பெனெக் என்னும் பழம் பெயரே வழங்குகின்றது.

ஐபோன் வைத்திருப்போர்க்கு இவ்வளவும் கிட்டாது. அங்கே பயர்பொக்ஸ் 2015 நவம்பரில் வந்ததெனினும், ஆப்பிளின் விதிப்படி உள்ளே ஓடுவது கெக்கோ அன்று, வெப்கிற்றே. 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்குப் பணிந்து, அவ்வொன்றியத்தினுள் மட்டும் இவ்விதியைத் தளர்த்தினர். நாமே கட்டியதைப் பணம் கட்டாமல் ஏற்றினால் ஏழாம் நாள் அது செயலற்றுப் போகும்.

அன்ட்ரொயிட்டிலும் காற்று மாறி வீசுகின்றது. யார் ஆக்கியது என்று தன்னிடம் பதிந்து உறுதிசெய்யாத செயலிகளை, சான்றளிக்கப்பெற்ற தொலைபேசிகளில் ஏற்ற விடப்போவதில்லை என்று கூகிள் 2025 ஓகஸ்டில் அறிவித்தது. 2026 செப்டெம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளிலே தொடங்குவது என்பது திட்டம். எப்.ட்ரொயிட்டினர் கடுமையாக எதிர்த்தனர். அனுபவமுள்ளோர்க்கு வேறொரு வழி வைப்பதாகக் கூகிள் பின்னர் கூறியது. கம்பி பூட்டிக் கணினியிலிருந்து ஏற்றும் என் போன்றோரை இவ்விதி தொடாது என்கின்றனர். ஆனால் நான் கட்டியதை அயல்வீட்டாருக்குக் கொடுப்பதைத் தொடும். மோசக்காரரைத் தடுப்பதே நோக்கம் என்று அவர்கள் கூறுவதில் உண்மை இல்லாமலில்லை. எனினும் நெல் குற்றுகின்றவன் தன் பெயரைக் கடைக்காரனிடம் பதிந்துகொண்டே அயலானுக்கு ஒரு கொத்து அரிசி அளக்கலாம் என்பது எனக்கு ஒவ்வாத நீதி.

கட்டுவோன்மேல் விழும் சுமையையும் மறைக்கலாகாது. புதிய பதிப்பு நான்கு கிழமைக்கு ஒருமுறை என்று மொஸில்லா 2020இல் முறை வகுத்தது. ஒவ்வொன்றிலும் பாதுகாப்புத் துளைகள் அடைபடுகின்றன. கடைச் சரக்கு தானே புதுப்பித்துக்கொள்ளும். என் கைச்சரக்கு புதுப்பித்துக்கொள்ளாது. மீண்டும் மூலத்தை இறக்கி, ஏட்டுக்குறியைச் சேர்த்து, நான்கு மணி நேரம் விசிறியின் இரைச்சலைக் கேட்கவேண்டும். இதனை எழுதும்போதே அடுத்த பதிப்பு வந்துவிட்டது.