ஃபதாலி கான் கோய்ஸ்கி

ஃபதாலி கான் கோய்ஸ்கி (டிசம்பர் 7, 1875 – ஜூன் 19, 1920) அசர்பைஜான் மக்களாட்சிக் குடியரசின் முதலாவது பிரதமர் ஆவார். 23 மாதங்களே நிலைத்த அக்குடியரசுக்கு உலக நாடுகளின் ஏற்பைப் பெற முயன்றவர்களுள் இவர் முதன்மையானவர்.

வாழ்க்கைக் குறிப்பு

நூகா நகரில் (இன்றைய ஷாக்கி) பிறந்த கோய்ஸ்கி, மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1901 இல் பட்டம் பெற்றார். 1907 இல் டூமா எனப்பட்ட ரஷ்ய நாடாளுமன்றத்தின் உறுப்பினரானார்.

பிரதமராக

மே 28, 1918 இல் அசர்பைஜான் விடுதலையை அறிவித்தது. அப்போது பக்கூ நகரம் போல்செவிக்குகளின் பிடியில் இருந்ததால், இவ்வறிவிப்பு இன்றைய ஜோர்ஜியாவில் உள்ள திபிலீசியில் வெளியிடப்பட்டது. கோய்ஸ்கி அமைத்த அரசு முதலில் கஞ்சா நகரிலிருந்து இயங்கியது. செப்டம்பர் 1918 இல் உதுமானியப் படைகளின் உதவியுடன் பக்கூ கைப்பற்றப்பட்ட பின்னரே தலைநகர் அங்கு மாறியது. அவ்வேளையில் பக்கூவில் ஆர்மீனியர் பலர் படுகொலை செய்யப்பட்டனர். டிசம்பர் 1918 இல் நாடாளுமன்றம் கூடியது. அதில் சிறுபான்மையினருக்கும் இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளுள் பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதில் இக்குடியரசு முன்னோடியாக இருந்தது. கோய்ஸ்கி ஏப்ரல் 1919 வரை பிரதமராக இருந்தார்.

வெளியுறவு அமைச்சராக

பின்னர் இவர் வெளியுறவு அமைச்சரானார். ஜனவரி 1920 இல் நேச நாடுகள் குடியரசை நடைமுறை அளவில் ஏற்றுக்கொண்டன. அதே மாதத்தில் சோவியத் ரஷ்யா, வெண்படைத் தளபதி தெனீக்கினுக்கு எதிரான போரில் சேருமாறு கோரியது. ரஷ்யாவின் உள்நாட்டுப் போரில் தலையிட மறுத்த கோய்ஸ்கி, தம் நாட்டின் விடுதலையை ஏற்குமாறு பதில் அனுப்பினார். அதற்கு ஏற்பு கிடைக்கவில்லை. ஏப்ரல் 28, 1920 இல் செம்படையின் வருகையுடன் குடியரசு வீழ்ந்தது.

இறப்பு

திபிலீசியில் அடைக்கலம் புகுந்த கோய்ஸ்கியை ஜூன் 19, 1920 இல் அராம் எர்கானியான் என்ற ஆர்மீனியர் சுட்டுக் கொன்றார். 1918 பக்கூ படுகொலைகளுக்குக் கோய்ஸ்கியே பொறுப்பு என ஆர்மீனியப் புரட்சிகரக் கூட்டமைப்பினர் கருதியதே இதற்குக் காரணமாகும். இவரது உடல் திபிலீசியிலேயே அடக்கம் செய்யப்பட்டது.