சீட்டு எடு, பரிசு கொடு!

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் கிறிஸ்துமஸ் விழா. நம்ம வகுப்பில் 'கிறிஸ் மா – கிறிஸ் சைல்டு' விளையாட்டை நடத்துவது நான்தான். நீங்கள் எடுக்கும் சீட்டில் யார் பெயர் இருக்கோ, அவர் உங்கள் 'சைல்டு'. விழா நாள் வரை மூச்சு விடக் கூடாது!

தன் பெயர் தனக்கே வந்தால்? இதில் ஒரு கணக்கு இருக்கு. 3 பேர் எடுத்தால் 6 விதமாக வரலாம். யாருக்கும் சொந்தப் பெயர் வராதது 2 விதம்தான். 4 பேருக்கு 24-இல் 9. 40 பேர் 100 முறை குலுக்கினால் சுமார் 63 முறை ஒருவருக்காவது தன் பெயரே வரும்! இதுக்கு சுலப வழி: டீச்சர் சீட்டுகளைக் குலுக்கி வட்டமாக அடுக்கட்டும். ஒவ்வொருவரும் அடுத்த சீட்டுக்காரருக்குப் பரிசு கொடுக்கணும். ரகசியமும் வெளியே போகாது.

மறக்காதீங்க:
1. பரிசு 30 ரூபாய்க்கு மேல் வேண்டாம். கையால் செய்த வாழ்த்து அட்டையும் பரிசுதான்.
2. லீவு போடுபவர் முந்தின நாளே பரிசைக் கொடுத்துவிடணும்.
3. நான் 2 பரிசு கூடுதலாக வைத்திருப்பேன். ஒருத்தர் வெறுங்கையோட நின்றால் மற்றவர் சந்தோஷமும் போச்சு!

இன்றைய துருக்கியில் உள்ள மைரா நகரில் 4-ஆம் நூற்றாண்டில் ஆயராக இருந்தவர் புனித நிக்கோலாஸ். ஏழை வீட்டில் இரவோடு இரவாகப் பொற்காசு போட்டுவிட்டுப் போனார் என்பார்கள். அவர்தான் பிறகு கிறிஸ்துமஸ் தாத்தா ஆனார். பெயர் சொல்லாமல் கொடுப்பதில்தான் மகிழ்ச்சி!

– 8-ஆம் வகுப்பு மாணவி, பாரிவாக்கம்