பிழை ஓரிடம், வீழ்ச்சி வேறிடம்

கணிப்பொறிக்குப் புரோகிராம் எழுதப் பயில்வோரைப் பெருங்குழப்பத்தில் ஆழ்த்தும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. நேற்றுவரை செவ்வனே இயங்கிய புரோகிராம் இன்று திடீரென நின்றுவிடுகிறது. நின்ற வரியை எத்தனை முறை படித்தாலும் அதில் குற்றம் ஏதும் தென்படுவதில்லை. காரணம் யாதெனில், குற்றம் பெரும்பாலும் அவ்வரியில் இருப்பதில்லை.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கிய ‘சி’ மொழி, நினைவகத்தைக் கையாளும் உரிமையைப் புரோகிராம் எழுதுபவரிடமே ஒப்படைத்துள்ளது. எல்லை மீறலைத் தடுக்கும் காவலை அது தானாக அமைப்பதில்லை. இதனால் வேகம் கிட்டுகிறது, பொறுப்பும் கூடுகிறது.

பத்து மாணவர்களின் மதிப்பெண்களைப் பதிய, ‘மாலாக்’ என்னும் கட்டளையால் ஒருவர் இடம் பெறுகிறார் எனக் கொள்வோம். எண் ஒன்றுக்கு 4 பைட் வீதம் 40 பைட் கிடைக்கிறது. வரிசையெண் 0-இல் தொடங்குவதால் கடைசி எண் 9 ஆகும். அவரோ 10 வரை எழுதிவிடுகிறார். பதினோராவது மதிப்பு தனக்கு உரிமையில்லாத இடத்தில் விழுகிறது. நினைவகத்தின் எப்பகுதி எவ்வளவு பெரியது என்னும் கணக்கு அங்கே குறிக்கப்பட்டிருக்கக் கூடும். அக்கணக்கு சிதைந்தாலும் உடனே ஏதும் நேர்வதில்லை. பின்னர் ‘ஃப்ரீ’ கட்டளையால் இடத்தைத் திருப்பி ஒப்படைக்கும்போதோ, புதிதாக இடம் கேட்கும்போதோ புரோகிராம் வீழ்கிறது. மேல்வயலில் வரப்பு உடைந்து கீழ்வயலில் பயிர் அழுகுவதைப் போன்றதே இது.

பயில்வோர் சிலர் இங்குமங்கும் வரிகளைச் சேர்த்தும் நீக்கியும் பார்க்கின்றனர். வீழ்ச்சி மறைந்தால் பிழை தீர்ந்ததென மகிழ்கின்றனர். உண்மையில் நினைவகத்தின் அமைப்பு சற்று மாறியதேயன்றிப் பிழை அப்படியே இருக்கிறது.

இவ்வாறு மறைந்திருக்கும் பிழை பெருந்தீங்கு விளைக்கவல்லது. 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய ‘மாரிஸ் புழு’ ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளை முடக்கிற்று. அது நுழைந்த வழிகளுள் ஒன்று, 512 பைட் இடத்தில் அளவு பாராமல் எழுத்துகளை ஏற்ற ‘கெட்ஸ்’ என்னும் கட்டளையாகும். 2011-ஆம் ஆண்டின் ‘சி’ மொழித் தர விதிகளில் அக்கட்டளை அறவே நீக்கப்பட்டது.

பிழையின் பிறப்பிடத்தைக் காட்டும் கருவிகள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. 2002-இல் வெளிவந்த ‘வால்கிரிண்ட்’, புரோகிராமை மெதுவாக இயக்கி, நினைவகத்தை அது நாடும் ஒவ்வொரு முறையும் சோதிக்கிறது. ‘அட்ரஸ் சானிடைசர்’, மொழிமாற்றும்போதே சோதனைக் கட்டளைகளைப் புகுத்துகிறது. மேற்கண்ட புரோகிராமை அதன்கீழ் இயக்கினால், பதினோராவது எண்ணை எழுத முற்பட்ட வரியிலேயே அது நிறுத்தப்படும். 40 பைட் பகுதியை அடுத்து 4 பைட் எழுதப்பட்டது என்ற செய்தியும், அப்பகுதி எவ்வரியில் பெறப்பட்டது என்ற விவரமும் திரையில் தோன்றும்.

ஆகவே, புரோகிராம் வீழ்ந்ததும் வரிகளை மாற்ற முற்படலாகாது. முதலில் இக்கருவிகளுள் ஒன்றின்கீழ் அதை மீண்டும் இயக்கி, அறிக்கையின் முதற்பிழையையே ஆராய வேண்டும். பின்வருவன பல அதன் விளைவுகளாக இருக்கலாம்.